கழற்றாத பேட்டரி

கார்த்திக்ராஜ் ஆறரை மணிக்குப் பால் வாங்கினான். குளித்தான். கேமராவை மேஜையில் வைத்து, ரப்பர் பம்பால் லென்ஸில் இருந்த தூசியை ஊதினான். மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்துப் பைக்குள் வைத்தான். பிறகு, தினமும் பார்ப்பதுபோல் சுவரில் செருகியிருந்த சார்ஜரைப் பார்த்தான்.

விளக்கு எரியவில்லை.

போடியிலிருந்து பஸ் பிடித்துத் தேனிக்கு வந்தான். கேமரா பழுது பார்க்கும் சண்முகராஜின் மேஜையில் சார்ஜரை வைத்தான். பேட்டரி அதிலேயே மாட்டியிருந்தது.

"என்ன தம்பி இது, பணியாரம் மாதிரி உப்பிக் கெடக்கு?"

"லைட்டு எரியலண்ணே. எரிய வச்சுக் குடுங்க."

"எம்புட்டு நேரமா சார்ஜ்ல கெடந்துச்சு?"

"எட்டு மாசமா."

சண்முகராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "படிச்சிருக்கீகளா?"

"எம்.எஸ்சி. பிசிக்ஸ்."

"வெளங்கிரும்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பேட்டரியை நெம்பப் போனார். கார்த்திக்ராஜ் சட்டென்று உள்ளங்கையால் அதை மூடினான்.

"கழட்டக் கூடாதுண்ணே. மாட்டுனபடியே இருக்கணும். லைட்டு மட்டும் எரிஞ்சாப் போதும்."

"கழட்டாம எப்படிய்யா பாக்குறது? ஓடுற பஸ்ஸுக்கு டயர் மாத்தச் சொல்றீகளே! ஏதோ அங்கன வீட்டுல வெடிக்காம இருந்துச்சேன்னு கும்பிட்டுக்கங்க. புதுசு ஒண்ணு தாரேன்."

"புதுசு வேணாம்."

"கேமராவயாச்சும் காட்டுங்க."

காட்டினான். சண்முகராஜ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"இத இம்புட்டு சுத்தமா வச்சிருக்கீக. லென்ஸுல ஒரு கைரேக இல்ல. அந்த பேட்டரிய மட்டும் ஏன்யா இந்தக் கொடும பண்ணீக? கழட்டக் கூடாதுன்னு எவன் சொன்னது?"

"வீட்டுல."

"பொண்டாட்டியா! அது சரி. நானும் மீசைய வாசல்ல கழட்டி வச்சுட்டுத்தான் சோத்துக்கு உக்காருவேன். அதுக்காக எட்டு மாசமா இப்படியா பயப்படுவாக? போனப் போடுங்க, நானே சொல்றேன்."

கார்த்திக்ராஜ் போனை எடுக்கவில்லை. சார்ஜரைத் துண்டில் சுற்றத் தொடங்கினான்.

"யோவ், அப்படி என்னதான்யா சொன்னாக அந்தம்மா?"

அவன் மனைவி மகிமாவின் போன், ஆஸ்பத்திரியில் தாலியோடு சேர்த்துக் கொடுத்த கவருக்குள் எட்டு மாதமாகக் கிடந்தது. அன்று காலை ஸ்கூட்டியைக் கிளப்பும்போது அவள் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கார்த்திக்ராஜ் சொன்னான்:

"ராயப்பன்பட்டியில கல்யாண ஆல்பத்தக் குடுத்துட்டு வந்துர்றேன். சார்ஜ்ல கெடக்குற பேட்டரிய நான் வந்து கழட்டிக்கிறேன், நீங்க தொட்டுராதீக."