பெயர் சேர்க்க

"ஏனுங்க அருணகிரி, என்ற பங்காளி பேரு எங்கீங்க போச்சு?"

ராசிபுரத்து அச்சகத்தின் மேசை அதிரும்படி கல்யாணப் பத்திரிகையை அறைந்தார் குழந்தைவேல். பக்கத்தில் பங்காளி தனசேகர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். குழந்தைவேலின் மகள் கல்யாணப் பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் தாய்மாமன் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற உறவெல்லாம் மாயம்.

இந்த வட்டாரத்தில் பந்தியில் சோறு குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பத்திரிகையில் பெயர் விட்டால் பொறுக்க மாட்டார்கள். பெயர் இருந்தாலும் போதாது. யாருக்கு முன்னால் யார் என்று அதற்கொரு சண்டை.

"டேய் வளவா! இங்க வாடா" என்று கத்தினார் அச்சக முதலாளி அருணகிரி.

வளவன் கணினியை விட்டு எழுந்து ஓடிவந்தான். படித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்தவனை நம்பி, பத்திரிகைக்கு விவரம் வாங்கும் இணையதளத்தை எழுதச் சொன்னவர் அருணகிரி. இந்த வேலையும் போனால் அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது.

"நானே போன்ல உக்காந்து, 'பெயர் சேர்க்க'ங்கிற பட்டனை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு பேரா அடிச்சேன் தம்பி. பேரு அடிக்கப் பொட்டி பொட்டியா வந்துச்சு. அத்தனையும் எங்க?" என்றார் குழந்தைவேல்.

வளவன் தான் ஜாவா கணினிமொழியில் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தான். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்ற தப்புதானுங்க. பட்டனை அமுக்க அமுக்கப் புதுப் பொட்டி வருது, எல்லாமே சர்வருக்கும் போகுதுங்க. ஆனா மொதப் பொட்டியில இருக்கறதை மட்டும் வாங்குற மாதிரி எழுதிப்போட்டேன். மத்ததை வாங்காமயே உட்டுட்டேனுங்க."

"அப்ப எம்பட பேரு ஊட்டு வாசல் வரைக்கும் வந்துருக்குது. நீதான் உள்ள கூப்புடலை?" தனசேகர் முதல் முறையாக வாய் திறந்தார்.

"ஆமாங்க..."

"படிச்ச பையனாடா நீ? என்ற பங்காளி மூஞ்சியில இனி எப்புடி முழிப்பேன்!" குழந்தைவேல் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

அருணகிரி அவரையும் மிஞ்சினார். "சாயங்காலத்துக்குள்ள இதைச் சரி பண்ணலீன்னா நாளைக்கு இந்தப் பக்கமே வராத!"

"குழந்தைவேலண்ணனே அச்சடிக்கறதுக்கு முன்ன புரூஃப் பார்த்துட்டுச் சரின்னு..." என்று வளவன் இழுத்தான்.

"எதுத்துப் பேசாத!" என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

கடைசியில் தனசேகரே இரங்கிவிட்டார். "உடுங்கண்ணா, பாவம் பையன். மிசினு பண்ணுன கூத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? கல்யாணத்துக்கு மொத நாளே வந்துடறேன்." பங்காளிகள் தோளில் கைபோட்டுக்கொண்டு படியிறங்கினார்கள்.

வளவன் சோற்றையும் மறந்து உட்கார்ந்தான். முதல் பெட்டியோடு நிற்காமல், வருகிற அத்தனை பெட்டியையும் வரிசையாக வாங்கும்படி மாற்றி எழுதினான். சோதனைக்குத் தன் சொந்தக்காரர் பெயரையெல்லாம் அடித்துப் பார்த்தான். மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா உட்பட, ஒருவர் விடாமல் வந்து நின்றார்கள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்நேரம் ஓர் அம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"ஏனுங்க தம்பி, பேரு உட்டுப்போற பிரஸ்ஸு இதுதானுங்களா? வெண்ணந்தூர் குழந்தைவேலண்ணன் சொல்லியனுப்புனாரு."

"இனிமே உட்டுப்போகாதுங்கம்மா. இப்பத்தான் சரி பண்ணுனேன்!" என்றான் வளவன் பெருமையோடு.

அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போனது. "அட சாமி! அப்ப என்ற நாத்தனாருங்க ஆறு பேத்துல யாரு பேரை முன்னால போடறது? ஊடே ரெண்டாயிருமே!" என்று புலம்பிக்கொண்டே வந்த வழியில் இறங்கத் தொடங்கினார்.

உள்ளிருந்து அருணகிரி பதறி ஓடிவந்தார். "இருங்கம்மா, போகாதீங்க! டேய் வளவா, பழசையே திருப்பிப் போடுறா!"

"காலையில நீங்கதானுங்களே அந்தத் திட்டுத் திட்டுனீங்க..."

"அட மடையா, அந்தத் திட்டுக்கும் சேர்த்துத்தான்டா குழந்தைவேலண்ணன் எனக்கு அட்வான்ஸ் குடுத்தாரு!"