சொந்தப் பொய்

“மாட்டிக்கிட்டான்மா,” என்றார் அகராதி ஆசிரியர். போட்டிக் கம்பெனி அன்று காலை வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதி அவர் மேஜையில் விரிந்து கிடந்தது. “‘ஃப்ரில்’லுக்கு மூணாவது அர்த்தம் படி.”

உதவியாசிரியை படித்தாள். “குடை மடிப்பில் தங்கும் ஈரம்.”

“எந்த இங்கிலீஷ்காரனும் அப்படிச் சொன்னதில்ல. காப்பியடிக்கிறவனைப் பிடிக்க ஒரு பொய் அர்த்தம் போடுன்னு நம்ம போன பதிப்புல சொன்னேனே, அப்ப நீ போட்டது. வக்கீலை வரச் சொல்லியாச்சு.”

அவள் அகராதியை மூடினாள். “கேஸெல்லாம் வேணாமே சார். ஒரு வார்த்தைதானே.”

“என்னம்மா, திருடினவனை விட நீ பயப்படறே? நீதான் முதல் சாட்சி. எப்படித் தோணிச்சுன்னு கோர்ட்ல கேட்பாங்க. சொல்லு, எப்படித் தோணிச்சு?”

வாசலில் வக்கீலின் குரல் கேட்டது. இனி மறைத்துப் பயனில்லை. அவள் தன் மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். அதே போட்டிக் கம்பெனியின் அகராதி. பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பு.

“ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டும் எனக்குப் பொய் வரல சார். இந்த அர்த்தம் இதுல மட்டும்தான் இருந்துச்சு. ஏதோ தப்பாப் போட்டுட்டாங்கன்னு நினைச்சு எடுத்துக்கிட்டேன்.”

“தப்பில்லம்மா. அது அவன் நமக்கு வெச்ச பொறி.” ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். “அகராதியில மத்ததெல்லாம் பார்த்து எழுதறோம், சரி. பொய்யையாவது சொந்தமா எழுதியிருக்கக் கூடாதா?”