எருமையின் முன்பாதி

“வாலை ஆட்டினதுதான் உம்மட பொடியன், மீனம்மா. கதைச்சது என்ர பிள்ளை.”

இராசமலர் போட்ட சத்தத்தில் தர்மபுரம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

நான் வீரகத்தியின் போன் கடைக்கு ரீலோட் போடத்தான் போயிருந்தேன். போட்டு முடிந்த பிறகும் நின்றேன். இப்படி ஒரு சண்டையை விட்டுவிட்டு யார் வீட்டுக்குப் போவார்கள்?

சண்டை ஓர் எருமையைப் பற்றியது.

கடைசி யுத்தம் மூளுவதற்குக் கொஞ்சம் முன்னர், வன்னியில் ஒரு தொலைக்காட்சி ஓடியது. அதில் சில கிழமைகள் மட்டும் ஒரு சிரிப்புத் தொடர் போனது. யமனுடைய எருமை வேலை செய்து சலித்துப்போய், தர்மபுரத்தில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலில் வந்து படுத்துவிடுகிறது. வாகனம் இல்லாமல் யமன் எப்படி வருவான்? எருமை திரும்பிப் போகும்வரை வன்னியில் ஒருவரும் சாகமாட்டார்கள். இதுதான் கதை.

சாகக்கிடக்கும் ஒரு கிழவரின் செத்தவீட்டுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரர், அவர் சாகாததால் மாதக்கணக்காகத் தங்கிச் சாப்பிடுவார்கள். ஜெனரேற்றர் போட்டு வாசகசாலை முற்றத்தில் ஊரே கூடியிருந்து சிரித்தது.

பிறகு தொடர் நின்றது. சண்டை தொடங்கிவிட்டது. தொடரைப் பதிந்த நாடாக்கள் போன இடம் தெரியாது. எருமை திரும்பிப் போனதா என்று காட்டவே இல்லை.

எருமை என்றால் சாக்குத் துணியும் கடதாசிக் கூழும்தான். உள்ளே இரண்டு பொடியன்கள். ஒருவன் இராசமலரின் மகன் நிரஞ்சன். மற்றவன் மீனம்மாவின் மகன் சந்திரமோகன். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் போய், தான்தான் முன்பாதி என்று சொல்லியிருக்கிறார்கள். பின்பாதி என்று சொல்லிக்கொள்ள எந்தப் பொடியனுக்கு மனம் வரும்?

முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இருவரும் வீடு வந்து சேரவில்லை.

தாய்மார் இரண்டு பேரும் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு, காணாமல் போனவர்களைக் கேட்டுக் கிளிநொச்சியில் போட்ட போராட்டப் பந்தலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள். ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்பவர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் எருமை பிரித்தது.

வெளிநாட்டில் யாரோ ஒருவர் அந்தத் தொடரின் ஒரு துண்டை இணையத்தில் போட்டிருந்தார். ஒரு நிமிடம்கூட வராது. அந்தக் காலத்தில் அதே தொலைக்காட்சியில் வயர் இழுத்துத் திரிந்த வீரகத்தி, நல்ல மனதோடு அதை இரண்டு தாய்மாரின் போனிலும் போட்டுக் கொடுத்தான்.

அந்த ஒரு நிமிடத்தில் எருமை இரண்டு தரம் வாய் திறக்கிறது. கொட்டிலுக்குள் வரும் வீட்டுக்காரியைப் பார்த்து, “அம்மா, நான் இனித் திரும்பிப் போகமாட்டன்” என்கிறது. பிறகு, “கொஞ்சம் தண்ணி தாங்கோ அம்மா” என்கிறது.

அம்மா என்று கூப்பிட்டது யார்? அவ்வளவுதான் வழக்கு. மடியிலிருக்கும் படம் அம்மா என்று கூப்பிடப்போவதில்லையே.

இராசமலர் விடவில்லை. மீனம்மாவின் மகன் கதைத்திருந்தால் ‘போகமாட்டேன்’ என்றல்லவா சொல்லியிருப்பான், இந்தப் ‘போகமாட்டன்’ தங்கள் ஆட்கள் கதைக்கும் தமிழ் அல்லவா என்று கேட்டாள். கேட்டது சரிதானே என்பதுபோல் எங்களையும் ஒரு பார்வை பார்த்தாள்.

மீனம்மாவின் ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்தவர்கள். அவள் சத்தம் போடவில்லை.

“வெளிய எங்க பேச்சப் பேசினா தோட்டக்காட்டான்னு சிரிப்பீங்கக்கா. அதான் அவன் ஒங்க மாதிரியே பேசப் பழகிக்கிட்டான்.”

பஸ் வந்தது. ஒருவரும் ஏறவில்லை.

அப்போதுதான் வீரகத்தி மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். எழும்போதே அவன் முகம் சரியில்லை. எருமைக்குள் சரியான வெக்கை, அதனால் பொடியன்கள் மாறி மாறித்தான் முன்னுக்கு நின்றவர்கள் என்றான். முதலில் கதைப்பது சந்திரமோகன், தண்ணீர் கேட்பது நிரஞ்சன் என்றான். தான் பக்கத்தில் நின்று பார்த்ததாகவும் சொன்னான்.

இராசமலர் கதிரையில் இருந்துவிட்டாள். தண்ணீர் கேட்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மீனம்மா போனைக் காதோடு வைத்துக்கொண்டே வெளியே போனாள். யாரோ அழைப்பு எடுத்ததுபோல இருந்தது.

அடுத்த நாள் இருவரும் ஒரே பஸ்ஸில் பந்தலுக்குப் போனார்கள்.

மாறிப்போனது வீரகத்திதான். வாய்க்காரன் என்று பெயர் எடுத்தவன், அந்த இரண்டு மனுசிமாரும் கடைக்கு வந்தால் தலையை மட்டும் ஆட்டினான். கேட்டதற்குக் கையால் பதில் காட்டினான். தீர்ப்புச் சொன்னதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊர் கதைத்தது. நானும்தான் கதைத்தேன். மூன்றாம் மாதம் கடையைப் பூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு முல்லைத்தீவுக்குப் போய்விட்டான். நன்றாக ஓடிய கடை.

போன ஆவணியில் மீனம்மாவின் மகள் ரஜிதாவுக்கு வவுனியாவில் கலியாணம். தாய்க்குப் பக்கத்தில் நின்று தாம்பாளம் பிடித்தது இராசமலர். வீரகத்தி வரவில்லை. மனைவி தயாளினி மட்டும் வந்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் வேண்டுமென்றே அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். உங்கள் மனுசனுக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்டேன்.

அவள் அந்த இரண்டு தாய்மாரும் நின்ற பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“எருமைக்குள்ள இருந்து கதைச்சா வெளியில கேக்காது அக்கா. பிறகு ஒரு அறைக்குள்ள வைச்சுத்தான் குரல் சேர்த்தவை. ரெண்டு கதையும் இவர்தான் கதைச்சவர்.”

ரஜிதா இப்போது வவுனியாவில் இருக்கிறாள். அந்த இரண்டு தாய்மாரின் காதுக்கு எட்டாத முல்லைத்தீவில் வீரகத்தி வாய் ஓயாமல் கதைக்கிறானாம்.