முதல் இதழின் வயிற்றெரிச்சல்

வட்டச் சட்டத்தில் இறுக்கிய வெள்ளைத் துணியில் தமயந்தி நிரப்புத் தையல் பழகினாள். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, அடியில் துணி தெரியாதபடி நூலை நெருக்கி நெருக்கிப் போட வேண்டும். பூவுக்கு ஐந்து இதழ். முதல் இதழில் அவள் நூலை இழுத்த இழுப்பில் துணியே சுருங்கிப்போனது. ஐந்தாவது இதழ் வழவழவென்று பட்டுப்போல வந்தது.

வந்தவர் போனவர் எல்லோரும் ஐந்தாவதைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

முதல் இதழுக்கு வயிறு எரிந்தது. “அதே நூல், அதே கை. எனக்கு மட்டும் ஏன் இந்தக் கோலம்?” என்று ஊசியிடம் கேட்டது.

“உன்மேல்தானே பழகினோம்,” என்றது ஊசி.

“குத்துப்பட்டது நான், மினுக்குவது அவளா?”

பக்கத்திலிருந்த இரண்டாவது இதழும் கோணல்தான். “நானும் இப்படித்தான் இருக்கிறேன், விடு,” என்று அது ஆறுதல் சொன்னது. முதல் இதழ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தமயந்திக்கும் அந்தச் சுருக்கம் கண்ணை உறுத்தியது. மறுநாள் முதல் இதழை இழை இழையாகப் பிரித்தாள். துணியை நீவிவிட்டுப் புதிதாகப் போட்டாள். கை நன்றாகப் பழகியிருந்ததால், அது ஐந்தாவதையே மிஞ்சிவிட்டது.

ஊசி அடுத்த நூலைக் கோத்துக்கொண்டு இரண்டாவது இதழின் பக்கம் நகர்ந்தது.

“அங்கே எதற்குப் போகிறாய்?” என்றது முதல் இதழ். “அவளுக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறாள்.”