தெற்கே இருந்த காது

மாநிலம் இரண்டான பிறகு கொள்ளிடப் பாலத்தின் நடுவே மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். வடக்கே வாக்கப்பட்ட செல்லக்கனி, மகளுக்குக் காது குத்த அங்கேதான் வந்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? அண்ணன் இசக்கிமுத்துவோ தெற்கத்தியான். கோட்டைத் தாண்ட அவனுக்கு அனுமதியில்லை.

அவன் கோட்டின் மேலேயே கிழக்கே பார்த்துச் சம்மணமிட்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். வடக்கத்தி ஆசாரி இடது காதைக் குத்திவிட்டு வலது காதைத் தொட்டதும், காவலர் அவர் கையைப் பிடித்தார்.

“அந்தக் காது தெக்குல இருக்கு. உன் ஊசி அங்க போவக் கூடாது.”

“அப்ப பிள்ளைய இந்தப் பக்கமாத் திருப்பிக்கிடுதேன்யா,” என்றான் இசக்கிமுத்து.

“ஒரு அனுமதிச் சீட்டுக்கு ஒரு தடவைதான் கோட்டுல உக்காரலாம். தெக்கத்தி ஆளுங்களுக்கு எத்தினி வாட்டி சொல்றது? அடுத்த வருஷம் வா.”

“ஏட்டி, பாதிக் காதுகுத்துக்கு உங்க ஊர்ல பாதி இலைதான் போடுவாங்களா?” என்று தங்கையிடம் கேட்டவன், மீதித் தோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

செல்லக்கனி வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஊசியோடு நின்றாள். “அதையும் இங்கயே குத்திடலாமே. நாங்க மனுஷங்க இல்லியா?”

செல்லக்கனி மகளின் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“தொடாதீங்க அத்தை. அந்தக் காது தெக்க இருக்கு.”