கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

கண்ணாடி அறைக்குள் மகள் உட்கார்ந்திருக்கிறாள். தலையைவிடப் பெரிய ஹெட்ஃபோன், மடியில் வண்ணக் கட்டைகள், எதிரே காலி டப்பா. வகுப்பில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும் என்று காதைச் சோதிக்கும் பெண்மணி தன் மொழியில் சொல்கிறார். மகளுக்கு அந்த மொழி இன்னும் பிடிபடவில்லை. "கவனமாக் கேளுடா கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா வெளியே வருகிறான். பெண்மணி பொத்தானை அழுத்துகிறார். டப்பாவில் ஒன்றும் விழவில்லை. தாளில் பெருக்கல் குறிகள் ஏறுகின்றன. மனைவி இறந்து ஏழு மாதம். இப்போது இதுவுமா? கதவைத் திறக்கிறான்.

"ஒண்ணுமே கேக்கலையா செல்லம்?"

"கேக்குதுப்பா. ஒவ்வொண்ணுக்கும் ம் கொட்டினேனே."

"எங்களுக்குக் கேக்கலையே."

"கதவைச் சாத்திட்டுப் போனா எப்படிக் கேக்கும்? லூசாப்பா நீ?"

ம் கொட்டுவதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது? அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கேட்கும்போதெல்லாம் நான் உள்ளேயே இருந்து கை தூக்குகிறேன் என்று பெண்மணியிடம் சொல்கிறான். ஹெட்ஃபோனுக்குள் ஒலிப்பது அவனுக்குக் கேட்பதில்லை. மகளின் ம் மட்டும் கேட்கிறது. அவளுக்கு அம்மா கதை சொன்ன நாட்களிலும் மூடிய கதவுக்கு வெளியே இது ஒன்றுதான் கேட்கும். ம். கை தூக்குகிறான். ம். தூக்குகிறான். கடைசிச் சத்தம் ரொம்ப மெல்லியது போலும்; மகள் கண்ணை இறுக்கி, மூச்சைப் பிடித்து, "ம்" என்கிறாள். கை தூக்க மறந்து அவன் சிரித்துவிடுகிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்மணி அதையே சரியென்று குறித்துக்கொள்கிறார்.