கம்ப்யூட்டருக்கு ஒரு கண்

"இது அழுகுணி ஆட்டம் தம்பி!"

இம்மானுவேல் பலகையைத் தள்ளிவிட்டார்.

ஆடுபுலி ஆட்டத்தில் கம்ப்யூட்டரிடம் அவர் தோற்பது ஒன்றும் புதிதல்ல. குமுளிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். பார்வை மங்கியபின் வீட்டைவிட்டு அவர் வெளியே வருவதே, கூடலூரில் அருண்பாண்டி நடத்தும் இந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு மட்டும்தான்.

ஏலக்காய்தான் ஆடு, ஜாதிக்காய்தான் புலி. ஆடுகள் இவருக்கு, புலிகள் கம்ப்யூட்டருக்கு.

"நான் தடவித் தடவிப் பாக்கேன். அதுக்கு மட்டும் எது எங்கன இருக்குன்னு ஒண்ணுவிடாம கீபோர்டுல தட்டிச் சொல்லிர்ற. அதுவும் பலகையைப் பாத்து ஆடட்டும். இல்லேன்னா இனி நான் வரமாட்டேன்."

சொன்னபடியே அவர் வரவும் இல்லை.

அருண்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. பலகைக்கு மேலே ஒரு வெப்கேமராவைக் கட்டித் தொங்கவிட்டான். அதன் வழியாகப் பார்த்து ஆடக் கம்ப்யூட்டரைப் பழக்கிவிட்டுத்தான் அவரைக் கூப்பிடப் போனான்.

அவன் மனைவி பாண்டீஸ்வரிக்கோ எரிச்சல். "தோத்தா ஒத்துக்கிறணும். அந்த மனுசனுக்காக நல்லா ஆடுனதைக் கெடுத்து வச்சிருக்கீக. பாருங்க, அதை ஏமாத்தத்தான் போறாரு."

அன்று சாயங்காலம் மலையிலிருந்து மூடுபனி தெருவரைக்கும் இறங்கிவிட்டது. ஜீப்புகள் தெரியவில்லை, விளக்குகள் மட்டும் மிதந்து போயின. ஊரே கனவுக்குள் நடமாடுவது போலிருந்தது. திறந்த கதவு வழியாக உள்ளேயும் படர்ந்த அந்த மங்கலில் கேமராவுக்கும் பாதிதான் தெரிந்தது.

என்றைக்கும் இல்லாமல் அன்று இம்மானுவேல் இரண்டு புலிகளை அடைத்துவிட்டார். மூன்றாவதையும் அடைத்துவிட்டால் ஜெயம்.

கம்ப்யூட்டர் திணறி நின்றது. திரையில் வந்ததை அருண்பாண்டி வாசித்தான்.

"'மூலையில் ஆடு இருக்கிறதா, காலியா? தெரியவில்லை. சொல்லவும்.' உங்ககிட்டதாண்ணே கேக்குது."

மூலை காலியென்றால் புலி தாவி ஆட்டை வெட்டிவிடும். ஆடு இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னால் போதும், புலிக்குப் போக்கிடம் கிடையாது. பாண்டீஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

இம்மானுவேல் மூலையைத் தடவினார். திரும்பவும் தடவினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"காலிதான்."

புலி தாவியது. அதோடு ஆட்டம் கைவிட்டுப் போனது.

பாண்டீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, ஆடு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீகளே!"

"போ ஆத்தா! கண்ணு மங்குன நாள்ல இருந்து ஊரே எனக்குப் பாத்துச் சொல்லுது. இன்னைக்குத்தான் ஒருத்தன், 'எனக்குத் தெரியல, நீ பாத்துச் சொல்லு'ன்னு என்கிட்டக் கேட்டான். அவன்கிட்டப் போயா பொய் சொல்லச் சொல்ற?"